முதல் நாற்காலி

"குதிகால நல்லா அயுத்தித் தேய்டி. ஃபாதர் முத்தம் குடுக்கற காலு இது!"

ஆண்ட்ரூ கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். கீழே டப்பில் வெந்நீரை வைத்துக்கொண்டு, பீர்க்கங்காய் நாரால் புருஷனின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஜானட்.

அன்று பெரிய வியாழன். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல், மாலைப் பூசையில் பன்னிரண்டு பேரின் பாதங்களை ஃபாதர் கழுவித் துடைத்து முத்தமிடுவார். அப்படிக் கழுவப்போகும் கால்களை வீட்டிலேயே ஒருமுறை பளபளவென்று ஆக்கிக்கொண்டுதான் போவார்கள். அழுக்குக் காலை யாராவது ஃபாதரிடம் நீட்டுவார்களா!

பதினெட்டு வருஷமாக அந்த வரிசையில் முதல் நாற்காலி, அதாவது சீடர்களின் தலைவரான இராயப்பரின் நாற்காலி, ஆண்ட்ரூவுக்குத்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். தவக்காலம் நாற்பது நாளும் செருப்பைத் தொடமாட்டார். தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வருவார். சாயங்காலம் ஜானட் அந்தக் காலைக் கழுவிவிடுவாள். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒருசந்தி. ஒரே வேளைக் கஞ்சிதான். சிலுவைப் பாதையில் அந்தக் கனத்த மரச்சிலுவையை வேறு யார் தோளுக்கும் விடமாட்டார். "பக்தின்னா ஆண்ட்ரூ அண்ணன்கிட்டதான் கத்துக்கணும்" என்று ராயபுரத்தில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேருக்கு அவரைத் தெரியாது.

இந்த வருஷம்தான் வினை வந்தது, புது ஃபாதர் உருவத்தில்.

"மூஞ்சிக்கு நேரா சொல்றாருடி. 'தினம் அடுத்தவங்க கால கயுவறவங்க ஒருத்தர் இந்த வருஷம் உங்க சேர்ல உக்காரட்டும், ஆண்ட்ரூ'ன்றாரு. பதினெட்டு வருஷம்! ஒரு வார்த்தைல தூக்கிட்டாரு."

"யாருன்னு சொன்னாரா?" என்று நிமிராமலே கேட்டாள் ஜானட்.

"வாயே தொறக்கல. எவளாவது ஆஸ்பத்திரி ஆயாவா இருக்கும். கண்ட கலீஜுக் காலெல்லாம் இராயப்பர் சேர்ல வந்து குந்துனா வெளங்குமா?"

"சேர்தான் இல்லன்ட்டாரே. அப்புறம் எதுக்குங்க இப்டித் தேய்க்கச் சொல்றீங்க?"

"ஆண்டவரு வுட்டுடுவாரா? நாப்பது நாளு வெறுங்கால்ல நடந்துகீறேன். நீ பேசாம தேய்."

அவள் குனிந்து தேய்த்தாள். டப்புத் தண்ணீர் தெறித்து அவள் காலில் இருந்த சாக்ஸ் நனைந்துபோயிற்று. பங்குனி வெயிலிலும் அவள் சாக்ஸைக் கழற்றுவதில்லை. காசிமேட்டு இறால் ஷெட்டில் நாளெல்லாம் ஐஸ் தண்ணீரில் நிற்கிற வேலை. சேற்றுப்புண் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள்.

நாற்காலி கிடைக்காமல் இந்த மனுஷன் வீடு திரும்பினால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. கோயிலில் ஆட்டுக்குட்டி, வீட்டில் புலி. இது அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த சேதி.

போன் அடித்தது.

"ஸ்தோத்திரம் ஃபாதர்... அப்டியா ஃபாதர்? இதோ, அஞ்சு நிமிசத்துல ரெடியாவறேன் ஃபாதர்!"

போனை வைத்த ஆண்ட்ரூவின் முகத்தில் ஈஸ்டரே வந்துவிட்டது.

"பாத்தியாடி? அந்த ஆளு வரலியாம்! காலைலயே போய் வாணான்ட்டு வந்துட்டாங்களாம். ஆண்டவரு கூப்ட்டும் வாணான்றாங்கன்னா எம்மாந் திமிரு பாரு!"

"திமிரா இல்லாமகூட இருக்கலாமே."

"உனக்கு இன்னா தெரியும்? போ, வெள்ளைச் சட்டைய எடு."

அவள் மனசுக்குள் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். இன்று வீட்டில் சத்தம் இருக்காது.

மாலைப் பூசையில் கோயில் நிரம்பி வழிந்தது. முதல் நாற்காலியில் ஆண்ட்ரூ. ஃபாதர் மண்டியிட்டு, அவர் காலில் நீரூற்றி, துண்டால் துடைத்துக் குனிந்து முத்தமிட்டார். ஆண்ட்ரூவின் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர். பாட்டுக் குழுவே அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் ஒரு வரியை விட்டுவிட்டது.

பின்வரிசையில் ஜானட்டின் தோளைத் தொட்டாள் பக்கத்து வீட்டுக் கிறிஸ்டினா. "இன்னா பக்தி, இன்னா தாழ்ம! குடுத்து வச்சவக்கா நீ."

ஜானட் சிரித்துவைத்தாள்.

பூசை முடிந்து ஆண்ட்ரூவைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. ஃபாதர் தனியாக வந்து வாசல் தூணருகே நின்ற ஜானட்டிடம் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க கேட்டுக்கிட்டபடி அவர்கிட்ட பேரைச் சொல்லலம்மா. வீட்டை மந்திரிச்சு ஆசீர்வதிக்க வந்தன்னிக்கு நீங்க அவர் காலைக் கழுவறதைப் பார்த்துட்டுத்தான் அந்த நாற்காலிக்கு உங்களைக் கூப்பிட்டேன். காலையில ஓடி வந்து வேணாம்னுட்டீங்களே, அவருக்காக விட்டுக்கொடுத்தீங்களா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல ஃபாதர். காலு பூரா சேத்துப்புண்ணு. நாலு பேரு பாக்கறாப்ல இல்ல."

சொல்லிவிட்டுப் புடவையைச் சாக்ஸுக்கும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். சாக்ஸைக் கழற்றியிருந்தால், போன தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் ஒருசந்திக் கஞ்சி பத்து நிமிஷம் தாமதமானதற்காக, சிலுவையை இறக்கிவைத்துவிட்டு வந்த கையோடு ஆண்ட்ரூ கொதிக்கக் கொதிக்க அவள் காலில் சட்டியைக் கவிழ்த்த தழும்பை அந்தக் கோயிலே பார்த்திருக்கும்.