கமிஷன் சேர்த்து

"பழைய கடையில மாசம் என்னம்மா வாங்குனீங்க?"

கேட்டுவிட்டு மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் அவள் கணவன். மடியில் ஹெல்மெட். வேலைக்கு வருகிற பெண்கள் வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டி வர வேண்டும் என்பது இந்த ஜவுளிக்கடையின் வழக்கம். கடை அடைக்க நேரமாகும், பிறகு வீட்டில் சண்டை வரக் கூடாது பாருங்கள்.

"கூச்சப்படாமச் சொல்லுங்க. அத வச்சுத்தான் இங்க போடுறது. கூட்டி மட்டும் சொல்லிராதீங்க. உங்க பழைய முதலாளி நமக்குத் தெரிஞ்சவருதான். ஒரு போன் போட்டாப் போதும்."

கூட்டிச் சொல்கிறவர்களைத்தான் அவருக்குத் தெரியும்.

அவளிடம் இரண்டு தொகை இருந்தது.

சம்பளம் பன்னிரண்டாயிரம். அது வீட்டுக்குத் தெரியும். பட்டுச் சேலைப் பிரிவில் நின்றதால் விற்ற சேலைக்குக் கமிஷன். மாதம் நாலாயிரத்துக்குக் குறையாது. தனிக் கவரில் வரும். அது வீட்டுக்குத் தெரியாது.

பொய் என்று சொல்லிவிட முடியாது. சம்பளம் எவ்வளவு என்றுதான் அவன் கேட்டான். கமிஷன் உண்டா என்று கேட்டதில்லை.

இப்படித்தான் இத்தனை வருடமும் மனசாட்சியைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்திருந்தாள், பாவம்.

அந்த நாலாயிரம் கயத்தாறு பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனது. அங்கே அவள் அப்பா இருந்தார்.

மகளுக்குப் போட்டனுப்பிய நகையை, ஒரு மாதத்தில் திருப்பித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போய், அடகு வைத்து மூழ்கடித்த அப்பா.

அன்றைக்கு அவள் கணவன் ஒன்றுதான் சொன்னான். இந்த வீட்டிலிருந்து அந்த ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடப் போகக் கூடாது. அவன் சொன்னால் சொன்னதுதான்.

அந்தக் கோபத்தில் நியாயமில்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பெற்றவரைத் தெருவில் விடவும் முடியவில்லை.

இப்போது பழைய கடையை, முதலாளி வீட்டு அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில், மூடிவிட்டார்கள்.

பதினாறு என்று சொன்னால் இங்கே நல்லபடியாக அமையும். இத்தனை நாள் அந்த நாலு எங்கே போனது என்று வாசல் தாண்டுவதற்குள் கேட்பான்.

பன்னிரண்டு என்றால் அதன்மேல் ஐநூறோ ஆயிரமோ. இந்தக் கடையில் கமிஷன் கிடையாது என்று முதலிலேயே சொல்லியாயிற்று. அப்புறம் அப்பாவின் பெட்டியை இல்லத்து வாசலில் தூக்கி வைத்துவிடுவார்கள்.



"பன்னெண்டு" என்றாள்.

மேனேஜர் எழுதக் குனிந்தார்.

"கமிஷன் சேத்துப் பதினாறு வரும், அண்ணாச்சி."

சொன்னது அவள் கணவன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மேனேஜர் சிரித்துவிட்டார். "எத்தன வருசமா ஆளு எடுக்கேன். கொறச்சுச் சொன்ன பிள்ளைய இன்னிக்குத்தான் பாக்கேன்."

அவன் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"நீங்க பேசி முடிங்க. வண்டி வெயில்ல நிக்கி."

போய்விட்டான்.

புதுச் சம்பளத்தை அவர் சொல்வதற்கு முன்பே போய்விட்டான்.

"பதினெட்டரை" என்றார் மேனேஜர். "ஒண்ணாந்தேதி வந்திருங்க."

காதில் விழுந்தது. மனதில் ஏறவில்லை.

எப்போதிலிருந்து தெரியும்?

மாதத்தில் ஒரு ஞாயிறு, கடையில் சரக்கு எண்ணுகிறார்கள் என்று சொல்லிவிட்டு இல்லத்துக்குப் போவாள். அவன்தான் கடை வாசலில் இறக்கிவிடுவான். அவன் தலை மறைந்ததும் எதிரே பஸ் ஏறுவாள். அங்கே இறங்கி, பொட்டல் வழியே நெடுக நடக்க வேண்டும்.

போன ஐப்பசியில் ஒருநாள், இறக்கிவிட்டுக் கிளம்பியவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். பெட்டியிலிருந்து குடையை எடுத்து நீட்டினான். அவளும் வாங்கிக்கொண்டாள்.

கடைக்குள் இருந்து சரக்கு எண்ணுகிறவளுக்கு எதற்குக் குடை?

அன்றைக்குத் தோன்றவில்லை.

படியிறங்கினாள். ஏன் எழுந்து போனான்? விட்டுக்கொடுத்துப் போனானா? இல்லை, விட்டுப் பிடிக்கப் போனானா?

வண்டியில் ஏறினாள். எப்போதும் அவன் தோளைப் பிடிக்கிற கை இன்று பின்கம்பியைப் பிடித்தது.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது.

ஒவ்வொரு வண்டியாக அணைந்தது. அவனும் சாவியைத் திருப்பினான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினான். தலையைத் துடைத்துக்கொண்டான்.

திரும்பாமல் கேட்டான்.

"எவ்வளவு சொன்னாரு?"

பதினெட்டரை என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

அப்பாவின் நாலைக் கழித்துப் பதினாலரை என்று சொல்லவும் அதே ஒரு மூச்சுதான்.

முன்னால் அவன் முதுகு. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கண்ணாடியை ஹெல்மெட் மறைத்திருந்தது.

அவள் தண்டவாளத்தைப் பார்த்தாள். ரயில் வந்துவிட்டால் அந்தச் சத்தத்தில் எதையாவது சொல்லிவிடலாம்.

இன்னும் வரவில்லை.