கீரியின் சொறி மருந்து

காடெங்கும் சொறி பரவியிருந்த சமயத்தில் கீரி ஒரு பச்சிலைக் களிம்பு கண்டுபிடித்தது. தன் வாலில் தடவிப் பார்த்தது. இரண்டே நாளில் குணம். எல்லோருக்கும் கொடுக்க ஆசைப்பட்டு, ஆய்வுக்கூடம் நடத்திய ஆந்தையிடம் ஓடியது.

"தாராளமாகச் சோதித்துத் தருகிறேன். முதலில் யானையாரிடம் நிதி உத்தரவு வாங்கி வா," என்றது ஆந்தை.

ஆராய்ச்சி நிதி யானையின் பொறுப்பில் இருந்தது. "ஆந்தையின் சோதனை முடிவு இல்லாமல் எப்படியப்பா நிதி தருவது?" என்றது யானை.

மழைக்காலம் முழுக்கக் கீரி இருவருக்கும் நடுவே அலைந்தது. அதற்குள் குரங்குகள் சொறிந்து சொறிந்து பாதி மொட்டையாகிவிட்டன.

கடைசியில் யானைக்கே சொறி வந்தது. அது முதுகை உரசிய உரசலில் மூன்று மரங்கள் சாய்ந்தன. கீரிக்குப் பொறுக்கவில்லை. யாரையும் கேட்காமல் முதுகில் ஏறிக் களிம்பைத் தடவிவிட்டது.

இரண்டு நாளில் யானை துள்ளாத குறையாக வந்தது. "பிரமாதமான மருந்து, தம்பி!"

"அப்படியானால் நிதி கிடைக்குமா, ஐயா?"

"அதெப்படி? நிதி மருந்து தேடுகிறவர்களுக்கு. உன்னிடம்தான் மருந்து இருக்கிறதே!"

கீரி மிச்சக் களிம்பை வழித்தெடுத்துக்கொண்டு குரங்குகளிடம் போனது.