மூன்று நாள் மெக்கானிக்

திருடப் போன இடத்தில் முதுகொடிய வேலை செய்ய வேண்டி வரும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

அதுவரை அவன் கிளப்பியதெல்லாம் இரண்டு சக்கர வண்டிகள்தான். "மாப்பிள்ளைக்கு நாலு சக்கரமெல்லாம் தாங்காது" என்று, அதே தொழிலில் இருக்கும் மச்சான், வீட்டில் எல்லார் முன்னாலும் நக்கலடித்ததிலிருந்து ஒரு வெறி. ஒரு காரையாவது ஓட்டிக்கொண்டு போய் அந்த மச்சான் வாசலில் நிறுத்த வேண்டும்.

அந்தப் பெரிய வீட்டின் பக்கவாட்டு ஷெட்டில் அரதப்பழசான கார் ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தால், உள்ளே ஒரு பெரியவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவனைக் கண்டதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பயப்படாதீங்க ஐயா, நான் மெக்கானிக். பழைய வண்டின்னா எனக்கு உசுரு. காசே வேணாம், ஓட வெச்சுத் தரேன்" என்று அளந்துவிட்டான்.

பெரியவரின் முகம் மலர்ந்தது. "ரொம்ப வருஷமா நின்னு இன்ஜின் இறுகிப்போச்சு தம்பி. சாவியும் தொலைஞ்சுபோச்சு. பொண்ணு ஊருக்குப் போயிருக்கா, அவ வர்றதுக்குள்ள முடிக்கணும்."

சாவி இல்லாதது ஒரு பிரச்சினையா! வயரைப் பிரித்து இணைப்பதில் அவன் புலி. ஆனால் இன்ஜின், கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி கொஞ்சமும் அசைந்துகொடுக்கவில்லை.

பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊற வைத்தான். மறுநாள் ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, முன்னும் பின்னுமாக நெம்பினான். உள்ளங்கை கொப்பளித்தது. பெரியவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து உயிரை எடுத்தார்.

"முரட்டுத்தனம் கூடாது தம்பி. பிஸ்டன் ரிங் உடைஞ்சா எல்லாம் போச்சு."

"நீங்களே வந்து நெம்புங்களேன் ஐயா."

"எனக்கு இடுப்பு சரியில்ல தம்பி."

மூன்றாம் நாள் 'கடக்' என்றது. அசைந்துவிட்டது! சந்தோஷத்தில் அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒழுங்காக உழைப்பதில் இவ்வளவு சுகமா என்றுகூடத் தோன்றியது. சீச்சீ என்று அந்த எண்ணத்தை உதறினான்.

டயருக்குக் காற்றடித்து, பிளக்கை மாட்டி, வேறொரு வண்டியிலிருந்து உருவி வந்த பேட்டரியை வைத்து, வயரை இணைத்தான். பெரியவர் டிரைவர் சீட்டில் ஏறி ஆக்சிலரேட்டரை மிதித்தார். இன்ஜின் இருமி, செருமி, கடைசியில் உறுமியது. ஷெட் முழுக்கப் புகை.

'ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு வந்துடறேன் ஐயா' என்று சொல்லி அப்படியே கம்பி நீட்டுவதுதான் அவன் திட்டம். வாயைத் திறந்தான். புகை தொண்டையை அடைத்தது.

"முதல்ல கேட்டைத் திறங்க தம்பி, புகை போகட்டும்!"

இருமிக்கொண்டே ஓடித் திறந்தான்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு வந்துடறேன் தம்பி!" என்றபடி பெரியவர் அவனைத் தாண்டிப் பறந்தார்.

கிழத்துக்கு ஆசையைப் பாரு! போய்விட்டு வரட்டும் என்று வாளியில் உட்கார்ந்து காத்திருந்தான். முக்கால் மணி நேரம் கழித்து வாசலில் டாக்ஸி வந்து நின்றது. பெட்டியோடு இறங்கிய பெண், காலியான ஷெட்டைப் பார்த்து அலறினாள்.

"யாருங்க நீங்க? எங்க கார் எங்கே?"

"பதறாதீங்கம்மா. இன்ஜினை ரிப்பேர் பண்ணிட்டேன். உங்க அப்பாதான் ஓட்டிப் பார்க்கப் போயிருக்கார்."

"எங்க அப்பா தவறி ஆறு வருஷமாச்சு. அப்போலேருந்து யாரும் தொடாமதான் அந்த இன்ஜினே இறுகிப்போச்சு!"

அவள் போனை எடுப்பதற்குள், கொப்பளித்த கைகள் இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டு, "திருட்டுப் பய! சும்மா விடாதீங்கம்மா, உடனே போலீஸைக் கூப்பிடுங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தியது அவன்தான்.