கயிற்றுக்கு அந்தப் பக்கம்

"உங்க வீட்டுக்காரர் கலைவிழாவுல திருடி மாட்டிக்கிட்டார். வந்து கூட்டிட்டுப் போங்க."

போன் வந்ததும் தையல்காரி, தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே மெஷினில் போட்டுவிட்டு ஓடினாள்.

வழியெல்லாம் ஆத்திரம்தான். விழா வருகிறது, நடைபாதை பளிச்சென்று இருக்கணும் என்று, அங்கே உட்கார்ந்து படம் வரைந்த வீட்டுக்காரரையும் மற்றவர்களையும் போன மாதம் நகராட்சிக்காரர்கள் துரத்திவிட்டார்கள். சாமான்களையும் லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து மனுஷன் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கஷ்டம்தான், யார் இல்லை என்றது? அதுக்காகத் திருடுவதா?

மண்டபத்து மூலையில், காவலாளி பக்கத்தில் நிற்க, அவர் தலைகுனிந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் இவள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"இனிமே நாலு பேர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

விழா நிர்வாகி அம்மாள் சமாதானம் செய்தாள். போலீசெல்லாம் வேண்டாமாம். அந்தக் கலைப்பொருளைச் செய்த பெரிய ஓவியரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதுமாம்.

பெரிய ஓவியரும் தங்கமாகத்தான் பேசினார். "பரவாயில்லைம்மா. இவரை மாதிரி கஷ்டப்படற கலைஞர்களுக்காகத்தான் நான் இதைச் செஞ்சதே."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிடக் கை தூக்கியவள், "அப்படி என்னத்தைத்தான் எடுத்தார்?" என்று கேட்டாள்.

ஓவியர் கைகாட்டினார். மண்டபத்தின் நடுவில் சுற்றிலும் கயிறு கட்டி, மேலே விளக்குப் போட்டிருந்தார்கள். உள்ளே ஓர் ஓட்டைக் குடை, ஒரு பெயிண்ட் பெட்டி, அவரிடமிருந்து பிடுங்கித் திரும்பக் கொண்டுவந்து வைத்த ஒரு முக்காலி. பக்கத்தில் பலகை: 'தெருவோரக் கலைஞனுக்கு எங்கள் மரியாதை. தொடாதீர்கள்.'

முக்காலியின் மேல் ஒரு மெத்தை. மிச்சத் துணியெல்லாம் ஒட்டுப்போட்டு அவள் தைத்தது. பச்சை நூல் தீர்ந்துபோய், கடைசி ஓரத்தைச் சிவப்பில் முடித்திருந்தாள்.

"இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

"நகராட்சிக் கிடங்குலேருந்து. குப்பையோட குப்பையாக் கிடந்துச்சு," என்றார் ஓவியர் பெருமையாக.

"நம்மளதுன்னு சொன்னேன். சிரிக்கிறாங்க," என்று முணுமுணுத்தார் வீட்டுக்காரர்.

கும்பிடத் தூக்கிய கையால் அவள் கயிற்றைத் தூக்கினாள். உள்ளே போய் முக்காலியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடுத்ததுதான் எடுத்தீங்க, பெட்டியையும் குடையையும் யாருக்கு விட்டுட்டு வந்தீங்க?"