வெறும் வயிற்று மாத்திரை

சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பூங்கோதையின் வீட்டு வாசலில் நின்றார் டாக்டர் அருளப்பன். அவர் மணிக்கட்டில் நீதிமன்றம் பூட்டிய பட்டை இருந்தது. பூங்கோதையின் உடம்பு படும் பாட்டையெல்லாம் அது அவருக்கும் கொடுக்கும். அவளுடைய தைராய்டைக் கவனிக்காமல் ஆறு வருஷம் திருப்பி அனுப்பியதற்கு ஆறு வருஷத் தண்டனை. அவர் திருப்பி அனுப்பிய அந்த வருஷங்களில் அவளுக்கு இரண்டு கரு கலைந்திருந்தது.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களாம்மா? உங்களுக்குச் சரியானாத்தான் எனக்கும் சரியாகும். குளிருது, முடி கொட்டுது, படியேற முடியல. டோஸ் பத்தலையோ என்னவோ, ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாருங்க."

"டெஸ்ட்டெல்லாம் எதுக்கு டாக்டர்? சும்மா உக்காந்திருந்தா அப்படித்தான் இருக்கும். நல்லா நடங்க. எல்லாம் மனசுதான்."

அன்று அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவள் மாற்றவில்லை. அவர் தலைகுனிந்து படியிறங்கினார்.

கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள் பூங்கோதை. காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரையை இன்றைக்கும் சிங்க்கில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"உனக்கும்தானே குளிருது?" என்றான் கணவன் கதிரேசன்.

அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எனக்குப் பழகிடுச்சு. அவருக்கு இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு."