மழை நாள் விலக்கு

உள்ளே ஆளை வைத்து வெளியே பூட்டினால் இரண்டு வருடம் சிறை. அதனால் கடலூரில், சட்டம் கேட்டு நடக்கும் இயந்திரக் கதவுகள் எதுவும் அப்படிப் பூட்டிக்கொள்ளாது. வெள்ளத்தைக் கண்டால் இறங்கி ஓடுகிற மனம் பேதலித்த மகனைத் தடுக்க, பொற்கொடி என்ற தாய் கதவுக்குச் சங்கிலி போட்டாள். தீர்ப்பு சொல்லும் இயந்திரம் இரண்டு வருடம் என்றது.

சட்டத்தின் கண்ணில் படாததைப் பார்த்து விலக்குத் தருவதற்கென்றே நீதிமன்றத்தில் திலகவதியை வைத்திருந்தார்கள். காரணத்தை ஒரே வரியில் எழுத வேண்டும். பையனின் நோயை எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடுமே என்று இரக்கப்பட்டு, ‘மழை நாளில் வீட்டாரின் பாதுகாப்புக்காகப் பூட்டியது குற்றமல்ல’ என்று எழுதினாள். பொற்கொடி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்று மாலையே இயந்திரம் அந்த வரியைப் பொதுச் சட்டமாக்கி, ஊரிலுள்ள கதவுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டது. ஒருத்திக்கு உண்டென்றால் எல்லோருக்கும்தானே என்று திலகவதியும் நினைத்தாள்.

மறுவாரம் மழை பிடித்தது. புருஷன் கை ஓங்கும்போதெல்லாம் திலகவதியின் வீட்டுக்கு ஓடி வந்துவிடும் மாடி வீட்டு எஸ்தர், போனில் அழைத்தாள்.

“அக்கா, கதவு தொறக்க மாட்டேங்குது.”

“நல்லா தள்ளிப் பாரும்மா.”

“பூட்டியிருக்குக்கா. மழை நாள்ல பூட்டலாம்னு சட்டமே வந்துடுச்சாம். சொல்லிச் சிரிச்சுட்டுக் கடைக்குப் போயிருக்காரு. குடிச்சுட்டுத்தான் வருவாரு.”

திலகவதி மாடிக்கு ஓடிக் கதவைப் பிடித்து இழுத்தாள்.

“மழை நாளில் வீட்டாரின் பாதுகாப்புக்காகப் பூட்டியது குற்றமல்ல,” என்றது கதவு, பதவிசான குரலில். அவள் எழுதிய வரி. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

கீழே, படியில் ஈரச் செருப்புச் சத்தம் கேட்டது.