நூற்று முப்பத்திரண்டு

ரேகா இரண்டாவது முறையும் டேப்பை இழுத்துப் பார்த்தாள். நூற்று அறுபது.

வரைபடத்தில் நான் போட்டிருந்தது நூற்று முப்பத்திரண்டு சென்டிமீட்டர்.

மழுப்ப ஒன்றுமில்லை. தப்பு என்னுடையதுதான்.

திறப்பு விழாவுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. சிதம்பரத்தில் எங்கள் கல்லூரி வாசலில் சாமியானா போட்டு, நாற்காலியும் அடுக்கியாயிற்று. 2009 ஜூலை. கார்கில் போர் முடிந்து பத்து வருடம். அதற்கு ஒரு நினைவுச்சின்னம் செய்யும் வேலையை மெக்கானிக்கல் மாணவர்களான எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள்.

முதலில் நாங்கள் என்னென்னவோ வரைந்தோம். புறா, பூமி உருண்டை, அணையா விளக்கு. ஒருவன் பீரங்கியே வரைந்து, அதற்குச் சக்கரமும் மாட்டிவிட்டான்.

எல்லாவற்றையும் ரேகாதான் அடித்தாள். ஓர் இரும்புக் குழாய், அதன் உச்சியில் அலுமினியத்தில் வார்த்த ராணுவத் தொப்பி. அவ்வளவு போதும், துப்பாக்கி வேண்டாம் என்றாள்.

மாதிரிக்கு அவளே ஒரு தொப்பி கொண்டுவந்தாள். ஒரு பக்கம் சரிந்த பச்சைக் கம்பளித் தொப்பி. எங்கே வாங்கினாய் என்று கேட்டோம். வீட்டில் கிடந்தது என்றாள்.

வீட்டில் கிடந்ததற்கு அத்தனை கெடுபிடி. அதன் மேல் ஒரு மணல் பொடி படக்கூடாதாம். நாங்கள் அதை அளந்து, அதேபோல் மரத்தில் செதுக்கி, அந்த மரத்தை மணலில் பதித்து அச்செடுத்தோம். மூன்றாவது வார்ப்புதான் விரிசல் இல்லாமல் வந்தது. மே மாத வெயிலில் உலைப் பக்கம் நின்று அவளைத் திட்டாத நாளில்லை. இப்போது அந்த மே மாதம் மறுபடி கிடைக்காதா என்று இருக்கிறது.

உயரத்தில் மட்டும் அவள் பிடித்த பிடியை விடவே இல்லை. எட்டடி வைத்தால்தான் பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரியும் என்றார் பொறுப்பாசிரியர். நூற்று முப்பத்திரண்டு என்றாள் இவள். காரணம் கேட்டார். சொல்லவில்லை.

அவர் வகுப்பில் அது பெரிய குற்றம். எந்த அளவை மாற்றினாலும் வரைபடத்தின் மூலையில் உள்ள திருத்தக் கட்டத்தில் தேதி, காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காரணம் இல்லாத அளவு அளவே இல்லை என்பார்.

"அது ஒரு சென்டிமீட்டர் மாறுனாலும் நான் டீம்ல இல்ல சார்" என்றாள் ரேகா. கடைசியில் அவரே அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

அப்படிக் காப்பாற்றிய அளவைத்தான் நான் கோட்டைவிட்டேன். குழாயின் அடியிலிருந்து தொப்பியின் உச்சி வரை அளவு போட்டேன். தரை எங்கே என்று கோடு போடவில்லை. எங்கள் பிரிவில் அளவு பொருளின் அடியிலிருந்துதான் ஆரம்பிக்கும். நட்டு நிறுத்தும் வேலையோ சிவில் இளவரசுவிடம் போனது. விடுதியில் என் அறைக்காரன், கை சும்மா இருக்காத ஆள். மூன்று வரிசை செங்கல் வைத்து, கிரானைட் ஒட்டி, பீடம் கட்டி, அதன் மேல் நிறுத்தித் துணி போட்டு மூடிவிட்டான். ரேகா துணியை விலக்கி டேப் பிடித்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"பீடம் இல்லாம எவன் மச்சான் செல வெப்பான்?" என்றான். பாராட்டுவோம் என்று நின்றான், பாவம்.

ரேகா என்னை நார் நாராகக் கிழிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் டேப்பைக் கீழே போட்டுவிட்டு, பீடத்தின் மேல் உட்கார்ந்து அழுதாள். மூன்று வருடத்தில் அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை. உடைத்துவிடலாமா என்று இளவரசுவிடம் கேட்டேன். சிமென்ட் இறுகிப்போச்சு என்றான்.

அப்போது குறிஞ்சிப்பாடி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண்மணி, சாமியானாவுக்குள் போகாமல் நேராக எங்களிடம் வந்தார். கையில் எங்கள் விழா அழைப்பிதழ் இருந்தது. அவரைப் பார்த்ததும் ரேகா இன்னும் அழுதாள்.

"அப்பா கடைசி லீவுல வந்தப்ப அவுரு தொப்பிய எந்தலையில வச்சு செவுத்துல கோடு போட்டாரும்மா. அந்த ஒசரம் வக்கச் சொன்னேன். இவனுங்க மாத்திட்டானுங்க."

அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் பெயரை அப்போதுதான் படித்தேன். திருமதி ஜெயராணி, கார்கிலில் உயிர்நீத்த நாயக் திருநாவுக்கரசுவின் மனைவி.

டி. ரேகா. தினமும் வருகைப் பதிவில் கேட்ட பெயர். அந்த டி யார் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த அம்மா அழவில்லை. மகளைக் கையைப் பிடித்துத் தூக்கி, பீடத்தை ஒட்டித் தரையில் நிற்கவைத்தார். அலுமினியத் தொப்பியின் மேல் உள்ளங்கையை வைத்து, அப்படியே நகர்த்தினார். கை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ரேகாவின் உச்சந்தலையில் போய் நின்றது.

"பத்து வருசத்துல நீ வளரலையாடி? இருந்திருந்தா இன்னிக்கி இங்கதான வச்சிருப்பாரு."

ரேகா கொஞ்ச நேரம் அந்தக் கைக்குக் கீழேயே நின்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னிடம் வரைபடத்தைக் கேட்டாள்.

அந்தத் தாள் இன்றும் என் சான்றிதழ்களோடு இருக்கிறது. நூற்று முப்பத்திரண்டை ஒரே கோட்டில் அடித்து, நூற்று அறுபது என்று எழுதியிருக்கிறாள். மூலையில் தேதி, கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்.

வளர்ந்துவிட்டேன்.